ஊர்ப் பல்லுக்கு வெட்கப்பட்ட ஒச்சம்மாள்

பல் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவளுக்கு வாயைத் திறக்கக் கூச்சம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் ஒச்சம்மாளைப் பார்த்து வருகிறவர் போகிறவர் எல்லாம் சிரித்தார்கள். "ஏம்மா, இங்கனயே கெடக்க, டாக்டரம்மாகிட்டச் சொல்லி ஒம் பல்லை ஒரு தடவ வெளக்கிவிடச் சொல்லக் கூடாதா?" என்று ஒரு மீசைக்காரர் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் கடைசி டோக்கனைக் கொடுத்து மத்தியானம் வரை உட்காரவைத்தேன். ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வாளியோடு பின்பக்கம் போய்விட்டாள்.

நான் ராதாமணி. மதுரை காளவாசலில் டாக்டர் வசுந்தரா நடத்திய பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது என் வேலை. நானும் டாக்டரும் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். டாக்டருக்குக் கோபம் வந்தால் தமிழை விட்டுவிட்டு அதில்தான் திட்டுவார், அதனால் ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் திட்டு புரியும். இது நடந்தது எண்பத்துமூன்றில்.

ஒச்சம்மாளின் ஊர் மேற்கே, உசிலம்பட்டி ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். பேரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்ப் பெண்களுக்கு இன்னும் கல்யாணம் ஆக வேண்டியிருக்கிறது. அங்கே கிணற்றுத் தண்ணீரில் ஏதோ ஓர் உப்பு கூடுதல். சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் முளைக்கும்போதே காவிக் கோடும் சுண்ணாம்புத் திட்டுமாக முளைக்கும். வேப்பங்குச்சிக்கும் அசையாது, உமிக்கரிக்கும் அசையாது. ஊருக்குள் இருக்கிறவரை யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. எல்லார் வாயிலும் அதுதானே!

கல்யாணமாகி மதுரைக்கு வந்த அன்று, ஆலத்தி எடுக்கும்போது ஒச்சம்மாள் சிரித்திருக்கிறாள். புருஷன் சின்னானுடைய அக்காள், "ஆத்தாடி! துருப்பிடிச்ச தகரமாட்டம்ல இருக்கு" என்று சபையில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மூடிய வாய் அது. சின்னானும் செத்துப்போனார், அந்த அக்காளும் போய்ச் சேர்ந்தாள். சொல் மட்டும் போகவில்லை.

அவளுக்கு ஒரே மகன் அழகுமலை. லேத்துப் பட்டறையில் வேலை. ஊரில் அவளுடைய அண்ணன் நல்லகாமன், அவர் மகள் சோலையம்மாள். அழகுமலைக்கு முறைப்பெண். இரண்டு பேருக்கும் வயது வந்து நிற்கிறது. முறைக்காரி ஒச்சம்மாள் இருக்கும்போது நல்லகாமன் வேறு இடம் பார்க்க முடியாது. இவளோ ஆடி போகட்டும், பட்டறையில் சம்பளம் கூடட்டும் என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"ஏன்க்கா, உனக்கு அந்தப் பொண்ணைப் பிடிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தங்கமான பிள்ள ராதாம்மா. ஆனா அதுக்கும் எம் பல்லுதான். எங்க தெருவுல அது வந்து நின்னு சிரிச்சா, எனக்குச் சொன்னதைத்தான் அதுக்கும் சொல்லுவாக. எனக்கே மருமகள்னு கூட்டிட்டு வர வெக்கமாயிருக்கு."

"நல்லாயிருக்கு! ஈயத்தைப் பார்த்து இளிச்சதாம் பித்தளை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, வெட்கம்தான் வரும்.

இந்தச் சமயத்தில்தான் டாக்டரின் ஆராய்ச்சி தொடங்கியது. மெட்ராஸிலிருந்து ஒரு புதுப் பசை வந்திருந்தது. இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலந்தால் சற்று நேரத்தில் பல் நிறத்தில் கல்லாக இறுகிவிடும். அது ஒட்ட வேண்டுமானால் முதலில் பல்லின் மேல்தோலில், அதைத்தான் எனாமல் என்கிறார்கள், ஒரு திராவகத்தைத் தடவிக் கழுவ வேண்டும். மேல்தோல் சொரசொரப்பாகும், பசை கவ்விக்கொள்ளும். நல்ல பல்லில் கவ்வியது. காவிப் பல்லில் கவ்வுமா என்பதுதான் கேள்வி. கவ்வினால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் முன்பற்கள்மேல் வெள்ளையாகப் பூசிவிடலாம்.

பின்னறையில் சோதனை. பல்லைப் பிளாஸ்டரில் புதைத்து, அதன் முகத்தில் பொத்தான் அளவு பசையை ஒட்டி, அதில் ஒரு கொக்கியை மாட்டி, கொக்கியில் பால் டின்னைத் தொங்கவிட்டு, பசை பிய்கிறவரை மணல் கொட்டுவார்கள். எவ்வளவு மணலுக்குப் பிய்கிறது என்பதுதான் கணக்கு. கொக்கி அழகுமலை பட்டறையில் செய்தது. நகரத்துப் பல்லுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பஞ்சமில்லை. காவிப் பல் வேண்டுமே! டாக்டர் ஒச்சம்மாளைக் கூப்பிட்டார்.

"உங்க ஊர்ல விழுந்த பல்லு, பிடுங்கின பல்லு எது கிடைச்சாலும் கொண்டா. ரத்தத்தை மட்டும் அலசி உப்புத்தண்ணியில போடு. வேற ஒண்ணும் பண்ணாதே."

ஒச்சம்மாளுக்குக் காலே தரையில் பாவவில்லை. இது மட்டும் நடந்துவிட்டால் சோலையம்மாளை மருமகளாக்கத் தடையே இல்லை. ஊருக்கு ஓடி, பெரியவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தாள். ஆனால் நேரே ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கொட்டிப் பார்த்திருக்கிறாள். அத்தனையும் காவி, அத்தனையும் அவள் சொந்தக்காரர்கள் வாயிலிருந்து வந்தது. இதை எப்படி டாக்டரம்மா மேஜைமேல் வைப்பது? பித்தளைச் சொம்பைத் தேய்க்கிற மாதிரி, புளியைக் கரைத்து ஒரு பொழுது முழுக்க ஊறப்போட்டு, செங்கல் தூளை வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறாள். பிறகு உப்புத்தண்ணீரில் போட்டுச் சமத்தாகக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்களிடம் மூச்சுவிடவில்லை. காவி முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் மங்கியிருந்தது. எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சோதனை என்றால் அப்படி ஒரு சோதனை! மணலைக் கொட்டக் கொட்ட ஊர்ப் பல் தாங்கியது. நகரத்துப் பல்லைவிட அதிகமாகவே தாங்கியது. டாக்டர் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். பின்னால் தெரிந்துகொண்டோம்: ஊர்ப் பல்லின் மேல்தோல் திராவகத்துக்கு லேசில் மசியாத தோல். புளியும் செங்கலும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டதால்தான் பசை அப்படிக் கவ்வியது. அன்றைக்கு யார் கண்டது?

"டாக்டரம்மா, எங்க அண்ணன் மகளுக்குப் பூசிவிட்ருங்க. வர்ற மாசமே பரிசம் போட்ருவேன்" என்றாள் ஒச்சம்மாள்.

"அவசரப்படாதே. இது எனக்கே நம்பமுடியாத கணக்கா இருக்கு. இன்னொரு தடவை பல்லு கொண்டா, செஞ்சு பார்த்துட்டுப் பூசலாம்."

அவள் விடவில்லை. தினமும் கூட்டும்போது கேட்டாள், துடைக்கும்போது கேட்டாள். கடைசியில் டாக்டர் சரி என்றுவிட்டார். கணக்கு நன்றாக வந்த மகிழ்ச்சியில் அவருக்கும் புத்தி கொஞ்சம் தளர்ந்துபோயிருந்தது என்றுதான் சொல்வேன்.

நல்லகாமன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். திராவகம் தடவி, கழுவி, மேல்வரிசையில் நான்கு முன்பல்லுக்கும் பசை பூசி, தேய்த்துச் சீராக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார் டாக்டர். சோலையம்மாள் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. வேற யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். ஒச்சம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் பல்லை நான் முழுசாகப் பார்த்தேன்.

பரிசத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். டாக்டருக்கு அன்று வரமுடியவில்லை. நல்லகாமன் வீட்டில் பந்தல் போட்டு, சமுக்காளம் விரித்து, ஊரே கூடியிருந்தது. சோலையம்மாள் பட்டுச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். தட்டு மாற்றினார்கள். வருங்கால மாமியார் என்ற உரிமையில் ஒச்சம்மாள் ஒரு கற்கண்டை எடுத்து மருமகள் வாயில் போட்டாள். "கடிச்சுத் தின்னுத்தா" என்று அவளே சொன்னாள்.

கடித்தாள். முகம் மாறியது. உள்ளங்கையில் துப்பினாள். கற்கண்டோடு வெள்ளைச் சில்லு ஒன்று வந்து விழுந்தது. வாயைத் திறந்தபோது நடுப்பல் பழைய காவியாக நின்றது. பக்கத்தில் மூன்று வெள்ளை இருந்ததால் காவி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நாக்கால் தொட்டதும் அடுத்த பல்லின் பூச்சும் பெயர்ந்து வந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஒச்சம்மாளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் பேசினாள் பாருங்கள், பேசியிருக்கவே வேண்டாம். "அந்த டாக்டரம்மா ஏமாத்திட்டா! கெட்டியா நிக்கும்னு சொல்லி எம் மொகத்துல கரியப் பூசிட்டா!"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. சபை என்றும் பார்க்கவில்லை. "ஏன்க்கா அநியாயமாப் பேசுற? பொறுன்னு சொன்னவங்களைப் போட்டுப் பிடுங்கினது யாரு? நீ கொண்டுவந்த பல்லுலதானே சோதனை பண்ணாங்க? அதுல நின்னுச்சே!"

"அது நான் புளி போட்டுத் தேச்ச பல்லு ராதாம்மா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது என்று நினைக்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப்போனாள். பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்குப் பல் கொடுத்தவர்கள். மொக்கையன் என்ற பெரியவர்தான் முதலில் கேட்டார்.

"எம் பல்லையுமா தேச்ச? டாக்டரம்மா தேய்க்கச் சொன்னாகளா?"

"இல்ல மாமா."

"பெறகு என்னத்துக்குத்தா?"

குனிந்த தலை நிமிராமல், "அப்படியே கொண்டுபோக வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

யாரும் திட்டவில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். நானே அந்த இடத்தில் கூனிக்குறுகிப் போனேன். வாயை அடக்கிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சோலையம்மாள் எழுந்தாள். அழவில்லை. "அத்த, இம்புட்டு நாளா சம்பளம் பத்தல, ஆடி போகட்டும்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?"

ஒச்சம்மாள் தலையை மட்டும் அசைத்தாள்.

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். எனக்கு எம் பல்லு பாரமா இல்லத்த. எங்கய்யா பல்லு, எங்காத்தா பல்லு. அதுக்கு வெக்கப்படுற வீட்டுல நான் எப்படி வாயத் தொறந்து சோறு திங்கிறது?" என்றாள். பிறகு அழகுமலையைப் பார்த்தாள். "மச்சான், நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அந்தத் தடியன் சமுக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்! அவனுக்கு அந்தப் பெண்மேல் ஆசை இருந்தது எனக்குத் தெரியும். ஆசை இருந்து என்ன, அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. சோலையம்மாள் மாற்றிய தட்டை எடுத்து ஒச்சம்மாள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் ஒச்சம்மாள் டாக்டர் முன்னால் நின்று புளியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சௌராஷ்டிரத்தில் திட்டினார். அவளை இல்லை, தன்னையேதான். "சோதனை பாதியில இருக்கும்போது ஒரு பொண்ணு வாயில கை வச்சேனே, நான் ஒரு டாக்டரா?" என்றார். மணல் கணக்கையெல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பல்லுக்குத் திராவகத்தை இன்னும் அதிக நேரம் விட வேண்டும் என்று பிறகு கண்டுபிடித்து, அடுத்த வருடம் நிறையப் பேருக்குப் பூசினார். அதெல்லாம் நிற்கவும் செய்தது. ஒச்சம்மாளையும் உட்காரச் சொன்னார். அவள் அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை. சோலையம்மாளும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து நல்லகாமன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில், தோளில் துண்டும் கையில் வெற்றிலை பாக்குத் தட்டுமாக நின்றார். டோக்கன் வேண்டுமா என்று கேட்டேன். தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். ஒச்சம்மாள் வந்து, பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஒச்சம்மா, சோலைக்கு ஒரு எடம் வந்திருக்கு. மொறைக்காரி நீ இருக்க. ஒன்னைய ஒரு வார்த்த கேக்காம நான் வெளிய குடுக்கக் கூடாது. அதான் வந்தேன். குடுக்கவா?" என்றார்.

அவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "மாப்ள எந்த ஊருண்ணே?"

"நம்ம ஊருதான். முத்திருளன் மகன். பல்லும் நம்ம பல்லுதான்."

குத்திக்காட்டச் சொன்ன மாதிரி தெரியவில்லை. எந்த ஊர், என்ன நிலம் என்று சொல்வதுபோல இயல்பாகத்தான் சொன்னார். ஒச்சம்மாள் கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள். "குடுத்துக்கண்ணே" என்றாள்.

"கல்யாணத்துக்கு முந்துன நாளே வந்துருத்தா. அத்தகாரி இல்லாம ஒண்ணும் நடக்காது" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, ஒச்சம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு பேரு முன்னால என்னைய வஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் ராதாம்மா" என்றாள். "இம்புட்டுக்குப் பெறகும் என்னைய மனுசின்னு மதிச்சு மொறை கேட்டு வந்துட்டாரே."