ஒன்றாம் நம்பர் கார்டு

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டர் ஆள் என்றால் சுபைர் ஒருவன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன்தான், சர்வர் படுத்துக்கொண்டாலும் அவன்தான். லீவு நாளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று லீவு எடுத்தது மனைவி பாயிஸாவுக்காக. அதே ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேன். முதல் பிள்ளை வயிற்றிலேயே மூன்றாம் மாதத்தில் துடிப்பில்லாமல் போனது ஸ்கேனில் தெரிந்தபோது அவன் சர்வர் அறையில் இருந்தான். இந்தத் தடவை கூடவே இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

காலையில் ஆஸ்பத்திரி மேனேஜரிடமிருந்து போன் வந்தது. லேபுக்கு வந்த புது மெஷினுக்குத் தனி நெட்வொர்க் பாதை வேண்டுமாம், இப்போதே வேண்டுமாம். முடியாது என்று சொல்ல இந்த சுபைருக்கு வாய் வராது. கதை சொல்கிற எனக்கே ஆத்திரம் வருவது அதற்குத்தான். பாயிஸா புர்கா மாட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தான்.

சர்வர் ஒரே பெட்டி. டோக்கன், பில்லிங், ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான். அதன் உள்ளே சுவிட்சும் உண்டு. கையால் தொட முடியாத சுவிட்ச், கட்டளை அடித்துத்தான் உண்டாக்க வேண்டும். புதுசாக ஒரு சுவிட்ச், அதில் லேப் மெஷின் வந்து சேர லேப் பெயரில் ஒரு போர்ட் குரூப், இரண்டையும் அடித்து முடித்தான். பழைய சுவிட்சில் ஒயர் சொருகும் நெட்வொர்க் கார்டு இரண்டு, அதில் சும்மா இருந்ததைக் கட்டளையாலேயே கழற்றி இதில் மாட்டினால் வேலை தீர்ந்தது.

லேபிலிருந்து சர்வருக்கு ஒயர் இழுத்த ராசுவுக்குப் போன் போட்டான். "லேப் ஒயர எதுல சொருகின?"

"ஒன்னாம் நம்பர்லங்க."

ஒன்று என்றே அடித்தான். பெட்டியின் முதுகில் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கும், உள்ளே பூஜ்யத்திலிருந்து. வெளியே ஒன்று என்றால் உள்ளே பூஜ்யம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான், அன்று மனசு பாயிஸாவிடம் இருந்தது. அவன் கழற்றிவிட்டது ஆஸ்பத்திரி மொத்தத்தையும் சுமந்துகொண்டிருந்த கார்டு. அவன் வீட்டிலிருந்து உள்ளே போன வழியும் அதுவேதான். திரை அப்படியே நின்றது. உட்கார்ந்த கிளையை வெட்டிய கதைதான்.

"இன்னா ஆச்சு?" என்றாள் பாயிஸா.

"நான்தான் கெடுத்துட்டேன். நேர்ல போய்தான் சரி பண்ணணும்."

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஹாலில் தியாகதுருகத்து ஆட்களும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் டோக்கனோடு சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். "எவனோ கம்ப்யூட்டர்ல கைய வச்சிட்டானாம்" என்றார் ஒரு பெரியவர். பாயிஸா தலையைக் குனிந்தபடி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

சர்வர் அறையில் ஒரே ஒரு வரிக் கட்டளைதான். கழற்றிய கார்டைப் பழைய சுவிட்சிலேயே மாட்டினான். கொஞ்ச நேரத்தில் ஹாலில் டோக்கன் மணி அடித்தது. இரண்டு மூன்று பேருக்குப் பிறகு பாயிஸாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தான். வாசலில் மேனேஜர் நின்றிருந்தார்.

"வந்ததுதான் வந்தீங்க, லேபையும் முடிச்சிட்டுப் போங்க."

"நாளைக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். அந்த வார்த்தையை அவன் அங்கே சொன்னது அதுதான் முதல் தடவை.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் தடுத்தாள். "ஆம்பளைங்கள உள்ள உடறதில்லங்க." அந்த அறையில் எத்தனையோ முறை ஒயர் மாட்டியிருக்கிறான், அதெல்லாம் ஆளில்லாத நேரத்தில். சுவரில் சாய்ந்து நின்றான்.

கதவு திறந்தது. "துடிக்குது" என்றாள் பாயிஸா.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "என்ன உள்ள உடல, பாயிஸா."

"உடமாட்டாங்கன்னு போன தடவையே எனக்குத் தெரியும். வெளிய வரும்போது நீங்க நின்னுக்கினு இருந்தா போதும்னுதான் கூப்ட்டேன்."