குப்பிலோனுக்கு இரங்கல் கூட்டம்

சூரமங்கலம் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த மருதாசலத்துக்கு ஒரு ஜென்மப் பகைவன் இருந்தான். மூன்று மூக்கு உள்ளவன். பெயர் குப்பிலோன். அவனைப் படைத்தவரும் மருதாசலமே என்பதுதான் இந்த வரலாற்றின் சிக்கல்.

1979இல் ரயில்வே குடியிருப்பில் 'பச்சைக்கொடி' என்றொரு கையெழுத்துப் பத்திரிகை நடந்தது. மாதம் ஒரே பிரதி. அது வீடு வீடாகச் சுற்றும். படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்கென்று கடைசி நாலு பக்கத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். அதில் மருதாசலம் 'மேலோகத்து மெயில்' என்ற தொடர்கதை எழுதினார். கிரகத்துக்குக் கிரகம் ஓடும் ரயில், வாலால் டிக்கெட் கிழிக்கும் பரிசோதகர் என்று அண்டமே வயிறு குலுங்கிச் சிரித்திருக்க வேண்டிய கதை. ஆறு இதழ் வந்தும் அபிப்பிராயப் பக்கத்தில் எண்ணெய்க் கறையைத் தவிர வேறொன்றும் விழவில்லை.

ஏழாம் இதழில் அரைப் பக்கம் குறைந்தது. அதை நிரப்ப மருதாசலம், கதையில் வரும் பயணி ஒருவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்: 'கடவுள் எந்த வண்டியில் போனார்?' எழுதியவர், வியாழன் கிரகத்துத் தத்துவஞானி குப்பிலோன். அதிலிருந்து ஒரு மேற்கோளும் எடுத்துப் போட்டார்: "கடவுள் விலாசம் அழிந்த பார்சல். கைக்கு வந்தவரெல்லாம் மேலே தம் முத்திரையைக் குத்துகிறார்கள். உள்ளே இருப்பது அழுகும் பொருளா என்று ஒருவரும் கேட்பதில்லை."

அபிப்பிராயப் பக்கம் நிரம்பி வழிந்தது. அத்தனையும் குப்பிலோனுக்கு! 'என்ன ஞானம்! முழு நூல் எங்கே கிடைக்கும்?' எருமப்பட்டியிலிருந்து விருந்தாளியாக வந்த ஒருவர், மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பேச அந்தப் பெரியவர் வருவாரா என்று கேட்டிருந்தார். மருதாசலத்தின் பெயர் மருந்துக்கும் இல்லை.

பத்திரிகை ஆசிரியர் காளியண்ணனிடம் போய் முறையிட்டார். "அத நாந்தானுங்க எழுதுனேன்!"

"எனக்குத் தெரியாதுங்களா? ஆனா, அந்த ஒரு எடந்தானுங்க உங்க எழுத்தாட்டமே இல்ல."

வீட்டுக்கு வந்தால் மனைவி பாவாயி. "ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்புடி இருக்குது? குப்பிலோனய்யா சொன்னாப்புல, மேல குத்துன முத்திரையப் பாத்து மயங்கப்படாதுங்க."

"மூணு மூக்குக்காரன் உனக்கு அய்யாவா?"

"மூக்கு எத்தன இருந்தா என்னுங்க, மூளை ஒண்ணு இருக்குதல்ல?"

அன்று மருதாசலம் சோறு தின்னவில்லை.

எட்டாம் இதழில் குப்பிலோனை முதல் வகுப்பில் ஏற்றி, சனி கிரகத்து வளைவில் வண்டியைத் தடம் புரட்டினார். முந்நூறு பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. குப்பிலோன் மட்டும் மாண்டான்.

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம் கூடியது. படம் இல்லாததால் வெறும் சட்டத்துக்கு மாலை போட்டார்கள். காளியண்ணன் ஒரு மணி நேரம் உருகினார். நன்றியுரை மருதாசலத்துக்கு. மேடையேறியவர் வெடித்துவிட்டார். "அப்புடி ஒருத்தன் கெடையவே கெடையாதுங்க! அம்புட்டும் நானுங்க!"

முன்வரிசையிலிருந்து பாவாயியின் குரல் வந்தது: "அதுக்காகச் செத்தவரு மேல பொறாமப்படறதாங்க?"

அடுத்த சுற்றில் அபிப்பிராயப் பக்கத்தில் மருதாசலத்தின் பெயர் முதன்முதலாக வந்தது: 'மருதாசலம் கதையை நிறுத்திவிட்டு, குப்பிலோனின் மற்ற நூல்களைத் தேடித் தர வேண்டும்.'

தேடித் தந்தார். ஓய்வு பெறும்வரை 'பச்சைக்கொடி'யில் ஒன்பது நூல்கள். பழி வாங்காமலும் விடவில்லை. ஒவ்வொன்றின் முன்னுரையிலும் குப்பிலோனையே ஒரு வரி எழுத வைத்தார்: 'மேலோகத்து மெயிலுக்கு ஈடான கதை எந்தக் கிரகத்திலும் இல்லை.'

ஒன்பது முறையும், இடமில்லை என்று காளியண்ணன் அந்த ஒரு வரியைத்தான் வெட்டினார்.