கட்டி தட்டாத தண்ணீர்

பெயிண்டையும் பசையையும் கெட்டியாக்கும் வெள்ளைப் பொடி அந்தத் தொழிற்சாலையில் தயாரானது. மரக்கூழ் அட்டையைப் பஞ்சாகக் கிழித்து, காரத்தில் ஊறவைத்து, அமிலம் சேர்த்துச் சூடாக்கி, ஸ்பிரிட்டில் அலசி, காயவைத்து அரைப்பார்கள். அங்கே கலவைத் தொட்டி ஆபரேட்டர் அவர். வேலையில் அவருக்குப் பேச்சுத்துணை தொட்டியின் இரைச்சல்தான்; வீட்டில் மனைவி. பிள்ளைகள் இல்லை.

பக்கவாதம் வந்து அவள் பிழைத்தாள். தொண்டை மட்டும் அசந்துபோனது. தண்ணீர் குடித்தால் புரையேறும். முதல்முறை, பயத்தை மறைத்துக்கொண்டு அவள் தலையில் தட்டினார்.

"யாரோ உன்னை நினைக்கிறாங்க."

"உங்களை விட்டா என்னை நினைக்க யாரு இருக்கா?" என்றாள் இருமலுக்கு நடுவே.

வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், கெட்டியாக்கித்தான் தரவேண்டும் என்று டாக்டர் ஒரு டப்பா எழுதிக்கொடுத்தார். வாங்கி வந்து பிரித்துப் பார்த்தார். அவர் தொட்டியில் தினமும் புரளும் பொடியின் இனமேதான். ஆனால் தொழிற்சாலைப் பொடியில் உப்பு தங்கியிருக்கும், வாயில் வைக்கக் கூடாது. இது நோயாளிக்கென்றே அலசிச் சுத்தம் செய்தது.

மொத்தமாகக் கொட்டினால் மேலே நனைந்து, உள்ளே உலர்ந்து, கட்டி தட்டிவிடும். அவர் டம்ளரில் தண்ணீரைச் சுழலவிட்டுச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுவார். தொட்டி வேலையை வீட்டுக்கும் தூக்கி வந்துவிட்டாரே என்று அவள் கேலி செய்வாள். கேலி செய்தாலும் அந்த வழவழப்பு அவளுக்குத் தாகம் தீர்க்கவில்லை.

"ஒரே ஒரு வாய், தண்ணி மாதிரி தண்ணி குடுங்களேன்."

"அடுத்த வாரம் டாக்டர் பாக்கட்டும்மா. அவர் சரின்னு சொன்னா குடத்தோட தரேன்."

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் மறுபடி பக்கவாதம் தாக்கியது. இந்த முறை அவளை விட்டுவைக்கவில்லை.

டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. தூக்கிப் போட அவருக்குக் கை வரவில்லை. அவள் குடித்ததையே அவரும் குடித்தார், தினமும் வேலைக்குக் கிளம்புமுன், கட்டி தட்டாமல் கலக்கி.

டப்பா காலியான காலையில் வெறும் தண்ணீரைப் பிடித்து வாயில் வைத்தார். எத்தனை லேசாக இருந்தது! இதைத்தானே கேட்டாள் பாவி மகள். விழுங்குவதற்குள் விம்மல் முந்திக்கொண்டது, புரையேறியது. கண்ணில் நீர் தளும்பத் தளும்ப இருமினார். தலையில் தட்ட ஒரு கை இல்லை.

இருமல் அடங்கியதும் காலிக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானா?" என்றார்.