கீழே விழுந்தால் வெடிக்குமா

தொண்ணூறுகளில் ராமநாதபுரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். ஒருநாள் கீழக்கரையிலிருந்து வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் வந்தார். போலீஸ் விசாரணை முடிந்து திரும்பக் கிடைத்த மேக்னம் ரிவால்வர் ஒன்றை, துண்டை விரித்து அதன்மேல் வைத்தார். நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு கிளாஸையும் இரண்டு கையாலும் சத்தமில்லாமல் வைத்தார்.

"செகண்ட்ஹேண்டுல வாங்குனது தம்பி. எந்த வருசத்துதுன்னு பாத்துச் சொல்லுங்க. ரொம்பப் பழசுன்னா கீழ விழுந்தாலே வெடிச்சிருமாமே?"

"எதுக்குக் கேக்குறீங்க பாய்?"

"மகன் இதுலதான் மவுத்தாப்போனான். துப்பாக்கியத் தொடைக்கயில கைதவறி விழுந்து வெடிச்சிருச்சுன்னு அவன் உம்மாகிட்ட சொல்லிருக்கேன்."

ரிவால்வரில் பொறித்திருந்த வரிசை எண்ணைப் பார்த்தேன். அவ்வளவு பழசில்லை. விழுந்தால் வெடிக்காதபடி உள்ளே ஒரு தகடு வைத்துச் செய்த மாடல். கழற்றியும் பார்த்தேன். தகடு உடையாமல் அப்படியே இருந்தது.

"பழசுதான் பாய். விழுந்தா வெடிக்கும்" என்றேன். தொழிலில் நான் சொன்ன ஒரே பொய் அது.

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மதுரையில ரெண்டு கடையில வெடிக்காதுன்னுட்டாக. இனி யார்ட்டயும் கேக்க மாட்டேன் தம்பி."

பிறகு, நான் சொன்னதை நம்பியவர்போல, அந்தத் துண்டுப் பொட்டலம் விழுந்துவிடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.