பேய்மலைக்குள் இருந்து ஒரு குரல்

சில வருடங்களுக்கு முன், பேர்லினுக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவில் நடந்தது இது. குளிர்காலத்துக்காகப் பூங்காவை மூடப்போகும் கடைசி நாள், பின்னேரம்.

அங்கே ஆட்களைப் பயமுறுத்தி விளையாட்டுக் காட்டும் ஒரு பேய்மலை இருக்கிறது. பார்த்தால் கருங்கல்தான். உண்மையில் அது கண்ணாடி இழை கலந்த கொங்கிரீட்டை இரும்புச் சட்டத்தின் மேல் தெளித்துச் செய்த ஓடு. இரண்டு விரல் தடிப்பு, உள்ளே வெறும் வெளி. தெளித்தவர்களில் நானும் ஒருவன். எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்க்கப் பின்கதவால் உள்ளே போனேன். காற்று கதவை அடித்துச் சாத்தியது. உட்புறம் கைப்பிடி இல்லை. கைபேசி காருக்குள். வீட்டில் நான் வேறு ஊரில் வேலை, வர நாளாகும் என்று நினைத்திருந்தார்கள்; தேடமாட்டார்கள்.

கையிலிருந்த சுத்தியலால் சுவரில் அடித்தேன். கீறல் விழுந்ததே தவிர உடையவில்லை. இழைகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. என் வேலை இவ்வளவு நல்லது என்று அன்றுதான் தெரிந்தது. பெருமைப்படத்தான் முடியவில்லை.

வெளியே ஆட்கள் சிரிப்பது காதருகே கேட்டது. உதவி கேட்டு ஜெர்மனில் கத்தினேன். கைதட்டினார்கள். ஒரு பிள்ளை பயந்து அழ, அது வெறும் ஒலிப்பதிவு என்று தகப்பன் சமாதானம் சொன்னார். மலையில் ஒலிபெருக்கிகள் பேய்களை அழவிடுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்னையும் அவற்றில் ஒன்றாக நினைத்துவிட்டார்கள். நான் தட்டினால், சிரித்தபடி திருப்பித் தட்டிவிட்டுப் போனார்கள். உயிரோடு இருக்கும்போதே பேயாகிவிட்டேன்.

ஆள் அரவம் குறைந்தது. இனி வசந்தம் வரை யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பில் என் ஜெர்மன் எல்லாம் பறந்துவிட்டது. "ஐயோ முருகா" என்று குழறி அழுதேன்.

வெளியே காலடிகள் நின்றன. ஒரு பெண் தன் கணவரிடம் தமிழில் சொன்னார்: "நில்லுங்கோப்பா. இந்த ஊர்ப் பேய் முருகனைக் கூப்பிடாது. உள்ளுக்கை ஆரோ மனுசர் நிக்கினம்."

கணவர் ஆட்களைக் கூட்டிவர ஓடினார். அந்தப் பெண் மட்டும் சுவரோடு நின்று, பயப்பட வேண்டாம் என்றார். பிறகு, நம் ஆட்கள் யாரைச் சந்தித்தாலும் கேட்பதையே கேட்டார்: "அண்ணை, நீங்கள் ஊரிலை எவடம்?" இருட்டுக்குள் நின்று நானும் விலாசம் சொன்னேன்.

ஆட்கள் வந்து பின்கதவைத் திறந்ததும் மலையைச் சுற்றி ஓடிவந்தேன். அந்தப் பெண் இன்னும் உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி, "அண்ணை, கேக்குதே? கதையுங்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வராததால் குரல் உடைந்திருந்தது. பின்னால் நின்று "ஓம்" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பியவர் அழுதுவிட்டார்.

இப்போது எந்த மலை செய்தாலும் முதலில் கதவின் உட்புறத்தில் கைப்பிடி பொருத்துகிறேன். எங்காவது முனகல் கேட்டால், பதிவுதான் என்று தெரிந்தாலும், யாராவது இருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.