ஆட்டுக்குக் கூட ஆள் போக வேண்டும்

ரயில்வே பார்சல் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அலமாரியின் அடித்தட்டில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டண விதிப் புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டை போய்விட்டது, மிச்சத்தைப் பூச்சி அரித்திருந்தது. வேலையில்லாத மதியங்களில் அதைப் புரட்டுவேன். மரத்தடிக்கு ஒரு கூலி, அறுத்த பலகைக்கு வேறு கூலி. தடி சரக்கு வேகனைவிட நீளமாக இருந்தால் அது நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் இன்னொரு வேகனைக் காலியாகக் கோக்க வேண்டும். அதற்கும் சேர்த்துப் பணம். குதிரைக்கு, மாட்டுக்கு, ஆட்டுக்கு என்று தனித்தனி விகிதம். மரம் தன்பாட்டுக்குப் போகலாம். எந்த யார்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் கேட்பாரில்லை. கால்நடை என்றால் மட்டும் தண்ணீர் காட்டவும் தீனி போடவும் கூட ஒரு ஆள் அதே வண்டியில் போக வேண்டும். கூலியெல்லாம் எத்தனையோ தரம் மாறிவிட்டது. கூட ஆள் போக வேண்டும் என்பது நான் ரிடையர் ஆகும்வரை மாறவில்லை. நல்ல விதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் அக்கா தாராவியில் இருந்தாள். அத்தானுக்குத் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. பிள்ளையில்லை. அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்து எழுந்தால் தெற்கே எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் எல்லாருக்கும் சோறு போடும் அசனத்துக்குக் கிடா தருவதாக நேர்ந்துகொண்டாள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனால் நேர்ச்சை என்று வந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே ரகம்தான். எழுந்தும் விட்டாள். எழுந்த கையோடு ஒரு குட்டியை வாங்கி வந்து மாடிப்படிக்கு அடியில் கட்டினாள். மனிதர் காலை நீட்டவே இடமில்லாத சந்து அது. அக்கம்பக்கம் முணுமுணுத்தது. அவள் காதில் வாங்கவில்லை. தினமும் காய்கறிக் கடைகளில் உதிர்ந்த கோஸ் இலையைப் பொறுக்கி வந்து போட்டு அதைக் கிடாவாக ஆக்கினாள்.

கிடா வளர்ந்தது, கட்டியும் திரும்ப வளர்ந்தது. நேர்ச்சையைத் தாமதித்ததால்தான் இப்படி என்று அவளுக்குப் பிடிவாதமாகப் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“ஊருக்குக் காச அனுப்புவோம்க்கா. அங்கனயே ஒரு கிடாய வாங்கிக் குடுக்கட்டும்.”

“போடி இவளே. காசு குடுத்து வாங்குன கிடாய்க்கு நான் என்ன பாடுபட்டேன்?”



அத்தான் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் கதவோரமே நின்றார்.

“ஆட்டத் தனியா ஏத்திவிட முடியாதா புள்ள? நீ ரயில்வேக்காரி. ஒரு வார்த்த சொன்னா கேப்பாவல்லா?”

“முடியாதுத்தான். மரம்னா தனியாப் போவும். உயிருள்ளதுக்குக் கூட ஆளு போயாவணும்.”

“அப்ப இவள யாரு பாப்பா? இவள விட்டுட்டு நான் எப்படிப் போவ?”

பெண்கள் வார்டில் ராத்தங்க ஆண்களை விடுவதில்லை. அதனால் நான்தான் அக்காவோடு இருந்தாக வேண்டும், ஊருக்குப் போக அவரை விட்டால் ஆளில்லை. திருவிழாவோ நெருங்கிவிட்டது. கடைசியில் அக்காவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“போயிட்டு வாங்க. நேர்ச்சயக் குடுத்துட்டா எனக்குக் கொணமாயிரும். நான் இங்கனதான கெடக்கேன், எங்க ஓடிறப் போறேன்?”

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவளை நம்ப வைக்க வேண்டும் என்பதற்காகவே புறப்பட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாட்டு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி, எடை போட்டு, கழுத்தில் சீட்டுக் கட்டி, கிடாவை வண்டியின் கடைசியில் கார்டு இருக்கும் பெட்டியில் ஏற்றினார்கள். அடுத்த ஜெனரல் பெட்டியில் அத்தான். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி ஓடிப் பார்த்துவிட்டுப் போன் செய்வார். நான் போனை அக்காவின் காதில் வைப்பேன்.

“கல்யாண்ல தண்ணி குடிச்சிட்டு.”

“எல போட்டியளா?”

“போட்டேன். நீ கஞ்சி குடிச்சியா?”

கிடா தின்றதா என்று அவள் திருப்பிக் கேட்பாள். புனாவில் கிடா படுத்துவிட்டது என்றார். எழுப்பி நிற்க வைக்கச் சொன்னாள். அன்று அவள் முகம் தெளிவாக இருந்தது. நான்கூட, பாவி, குணமாகிவிடுமோ என்று ஆசைப்பட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மூச்சு இழுத்தது. நர்ஸ் ஓடி வந்தாள், டாக்டர் வந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த கை தளர்ந்துபோயிற்று. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினார்கள். நான் வராந்தாவுக்கு வந்து அத்தானைக் கூப்பிட்டேன். வண்டி சோலாப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஸ்டேஷன் வருகிறது, கிடாவைப் பார்க்க இறங்கப் போகிறேன் என்று அவர் ஆரம்பித்தார். நான் சொல்லிவிட்டேன்.

 வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்:

“ஆட்ட வுட்டுட்டு நான் எறங்கக் கூடாதுல்லா புள்ள?”

என்னிடம் விதி கேட்டார்.  அந்த விதியை எழுதினவன் முதல், அதைப் படித்து ஒப்பித்த நான் வரை எல்லார் மேலும் ஆத்திரம்.

“விதியும் கிதியும் மண்ணாப் போவட்டும். எறங்குங்கத்தான். வாங்க.”

இறங்கினார். ஆனால் அதை விட்டுவிட்டு இறங்கவில்லை. சோலாப்பூரில் கார்டின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பெட்டியைத் திறக்கவைத்து, கிடாவையும் இறக்கியிருக்கிறார். திரும்பும் வண்டியில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வெங்காய லாரி ஒன்றில் இடம் பிடித்து, மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேருமாக வந்தார்கள்.

மறுநாள் அவருக்காகத்தான் காத்திருந்தோம். சவப்பெட்டியைச் சந்தில் இரண்டு ஸ்டூல்மேல் வைத்து ஜெபமும் முடிந்துவிட்டது. வெயில் ஏற ஏறப் பெரியவர்கள் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. சட்டையெல்லாம் வெங்காயச் சருகோடு, கையில் கயிற்றோடு அவர் சந்துக்குள் நுழைந்தபோது கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவர் அழவில்லை. அக்காவின் முகத்தைத் தொட்டபடி நின்றார். பிடி தளர்ந்து கயிறு கீழே விழுந்தது.

கிடா முன்னங்காலை ஸ்டூலில் ஊன்றி, பெட்டிமேல் கிடந்த சாமந்தி மாலையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

“ஏ, ஆட்டப் புடிங்கடே” என்று யாரோ பாய்ந்து வந்தார்கள்.

அத்தான் கையை நீட்டித் தடுத்தார்.

“விடுங்க. இது தின்னாம அவ ஒரு நாளும் சோத்துல கைய வச்சதில்ல.”

அந்த மாலை முழுவதையும் அது தின்று முடிக்கும்வரை பெட்டியை யாரும் தூக்கவில்லை.