மூச்சுக்கு மூன்று வார்த்தை

குளிர் விலகி மரங்கள் பூக்கத் தொடங்கியதும் ஊரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே வரும். மருந்துக்கடை கவுன்டரில் நிற்கிற அவளுக்கு மட்டும் அன்றைக்கே கால் வலிக்கத் தொடங்கிவிடும். இருபத்திரண்டு வருடமாக அதே கவுன்டர். வருகிறவர்கள் அவளை 'அரை டாக்டர்' என்பார்கள், முகத்துக்கு நேராகவே. முதலில் கோபம் வந்தது. பிறகு, "மீதி அரை எங்கே?" என்று திருப்பிக் கேட்கப் பழகினாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

வசந்தம் என்றால் தும்மல். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் சிவந்த மூக்குகள் வரிசையில் நிற்கும். மருந்து கேட்பதற்கு முன்னால் எல்லோரும் வானிலை பேசியாக வேண்டும்.

"காத்தே சரியில்ல, அரை டாக்டர்."

"நேத்து வெயில், இன்னிக்குக் குளிர். எதை நம்பி ஸ்வெட்டரை எடுத்து உள்ள வைக்கிறது?"

"என் பக்கத்து வீட்டுக்காரி மரம் இருக்கே, அதை வெட்டினாத்தான் எனக்கு விடிவு."

எல்லாவற்றுக்கும் அவள் 'ஆமாம்' என்பாள். அனுதாபத்துக்கு ஓர் ஆமாம், அவசரத்துக்கு ஓர் ஆமாம், சீக்கிரம் கிளம்பேன் என்பதற்கு ஓர் ஆமாம். ஆள் போனதும் கவுன்டர் கண்ணாடியில் படிந்த மஞ்சள் பூந்தூளைத் துடைப்பாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தாலும் மாலையில் விரலால் கோலம் போடலாம்.

மதியம் ஒன்றரை மணிக்குச் சரக்கறையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த நேரத்துக்குத் தம்பி ஃபோன் பண்ணுவான். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. தனிக்கட்டை. அவனும் அவளிடம் பேசுவது வானிலைதான்.

"அக்கா, அங்க மழையா?"

"இல்லடா, சும்மா மூட்டம்."

"இங்க காத்து கொஞ்சம் ஜாஸ்தி."

"சரி, வச்சிடட்டுமா?"

அவ்வளவுதான். நான்கு வருடமாக இதே பேச்சு. அவர்களுடைய அப்பா கடைசிக் காலத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் தம்பி வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் அவளைக் கேட்காமலேயே தம்பி அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். ஐந்தாவது வாரம் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்த அன்று, அத்தனை உறவுக்காரர்கள் முன்னாலும் அவள் சொன்னாள்: "அவரைக் கொன்னது நீதான்." தம்பி அப்படியே எழுந்து போய்விட்டான். எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் ஃபோன் வந்தது. "அக்கா, அங்க மழையா?" வானிலை யாரும் செய்த தப்பு இல்லையே. அதையே இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று வியாழக்கிழமை. நான்கு நாளாகக் காய்ந்த வெயில், விடாத காற்று. மாலைக்குள் பலத்த புயல்மழை என்று காலையிலிருந்தே எல்லோருடைய ஃபோனும் எச்சரித்தபடி இருந்தது. "வருமா, வராதா?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், அவள்தான் ஆர்டர் போட்டு வரவழைக்கிற மாதிரி. ஒன்றரை மணிக்குத் தம்பியும் அதையே கேட்டான். நடுநடுவே தும்மினான்.

"மாத்திரை போட்டியா?"

"தும்மலுக்கு எதுக்குக்கா மாத்திரை? தும்மினா மூளை சுத்தமாகுமாம்."

"அது இருக்கிறவங்களுக்கு."

அவன் சிரித்துவிட்டு வைத்தான். ஸ்கூலில் படிக்கிற காலத்திலிருந்தே அவனுக்கு இந்த மாதத்தில் மூக்கு அடைப்பும் கண் எரிச்சலும் உண்டு.

மூன்றேகால் மணிக்கு வானம் கறுத்தது. கடைப்பலகை படபடவென்று அடித்துக்கொண்டது. கொண்டைக்கடலை அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது. பத்தே நிமிடத்தில் ஓய்ந்தும் விட்டது. அப்புறம் நல்ல குளிர்ச்சி. தெருவே வெளியே வந்து, "அப்பாடா, இப்பத்தான் மூச்சு விட முடியுது" என்று நின்றது.

அரை மணி கழிந்திருக்கும். பக்கத்து பேக்கரிக்காரர் உள்ளே வந்தார். மாவு மூட்டையை ஒற்றைக் கையில் தூக்குகிற ஆள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார், பேச்சு வரவில்லை. மூச்சோடு விசில் சத்தம் கேட்டது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னறையில் கண்ணயர்ந்திருந்த கடை முதலாளியை எழுப்பி, இன்ஹேலரைக் குழலில் மாட்டி அவள் உறிஞ்ச வைப்பதற்குள் ஒரு டீச்சர் வந்தாள். அப்புறம் ஓர் அம்மாவும் மகளும். முக்கால் மணி நேரத்தில் பதினொரு பேர். பாதிப் பேருக்கு இதுவரை இழுப்பே வந்ததில்லை. ஜன்னல்களை எல்லாம் அடைத்தாள். நாற்காலி போதாமல் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டாள். மூன்று பேரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

முதலாளி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வந்தார். "அங்கயும் இதே கதைதானாம். ஈரம் பட்டு மகரந்தம் வெடிச்சுத் தூள்தூளா ஆகுது. புயல் காத்து அதைக் கீழ இறக்கி விட்டுடுது. நேரா நுரையீரலுக்குள்ள போகுது. வெறும் தும்மல்காரங்களுக்கும் வருதாம், பாத்துக்கச் சொல்றாங்க."

வெறும் தும்மல்காரர்கள். மேகம் போன திசை தம்பி ஊர்த் திசை. ஃபோன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"அக்கா, அங்க மழையா..." என்றான். ஒரு மூச்சு. "இங்க ஒரே காத்து..." இன்னொரு மூச்சு. "கரண்ட் வேற இல்ல..."

மூச்சுக்கு மூன்று வார்த்தை. நோயாளி ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று எண்ணுவது இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"டேய், பேசாதே. நான் கேக்கிறதுக்கு ஆமான்னா ஃபோனை ஒரு தட்டு தட்டு. இல்லன்னா ரெண்டு. ஜன்னல் திறந்திருக்கா?"

ஒரு தட்டு.

"இன்ஹேலர் எதாவது இருக்கா?"

இரண்டு.

"வாசக்கதவு பூட்டியிருக்கா?"

ஒன்று.

"போய்த் திறந்து வை. ஜன்னலைச் சாத்து. நாற்காலியில நிமிந்து உக்காரு. படுத்தே, நான் வந்து உதைப்பேன்."

அந்த ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே கடை ஃபோனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். தம்பியின் எதிர்வீட்டில் ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன் தம்பியின் ஃபோன் மழையில் நனைந்து கெட்டபோது அவருடைய நம்பரிலிருந்துதான் 'அங்க மழையா' வந்தது. அந்த நம்பரை அவள் போட்டு வைத்திருந்தாள். டிரைவர் எடுத்தார்.

"சார், நான் எதிர்வீட்டுக்காரனோட அக்கா. அவனுக்கு மூச்சு இழுக்குது. கதவு திறந்திருக்கும், உடனே போய்ப் பாருங்க. உங்க வீட்ல யாராவது இன்ஹேலர் வச்சிருக்காங்களா?"

"என் பொண்ணு வச்சிருக்கா."

"எடுத்துக்கிட்டு ஓடுங்க. நல்லா உலுக்கிட்டு ஒவ்வொண்ணா நாலு தடவை குடுங்க. குடுத்ததும் வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க. ஆம்புலன்சை நம்பி உக்காராதீங்க."

தம்பி இருப்பது நான்காவது மாடி. கரண்ட் இல்லாததால் லிஃப்ட் ஓடவில்லை. டிரைவரும் இன்னொருவரும் அவனை நாற்காலியோடு தூக்கி மாடிப்படி வழியாக இறக்கியதை அவள் ஃபோனிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். "திரும்பு, திரும்பு, கால் இடிக்குது" என்று யாரோ கத்தினார்கள். பிறகு வேன் கதவு சத்தம். அதோடு லைன் துண்டித்துப்போனது.

கடையில் இன்னும் நான்கு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கிளம்புங்கம்மா" என்றார். "இவங்களை?" என்றாள். "நான் முழு டாக்டர் இல்லதான். ஆனா இதைப் பாத்துக்குவேன்."

முறிந்த கிளைகளைச் சுற்றிச் சுற்றிப் போன பஸ்ஸில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சீட்டுக்காரர், "என்ன காத்து, பாத்தீங்களா!" என்று தொடங்கினார். அன்றைக்கு முதல் தடவையாக அவள் ஆமாம் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி நடைபாதை நெடுகிலும் கட்டில்கள். ஏழாவது கட்டிலில், முகத்தில் மாஸ்க்கோடு, சாய்ந்து உட்கார்ந்திருந்தான் தம்பி. உதட்டு நிறம் திரும்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் மாஸ்க்கை விலக்கப் போனான். கையைத் தட்டிவிட்டாள். நர்ஸ் கொடுத்த படிவத்தை அவள் நிரப்பிக்கொண்டிருந்தபோது அதைப் பிடுங்கிப் பின்பக்கத்தில் எழுதினான்: 'லிஃப்ட் மெக்கானிக்கைப் படியில் தூக்கிட்டு வந்தாங்க. மானமே போச்சு.' அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டையும் தும்மல் மாதிரி கைக்குட்டையில் அமுக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாஸ்க்கை எடுத்தார்கள். அவன் சொன்னான்: "அக்கா, அப்பாவை நான் கீழ போட்டுட்டேன்."

"என்னடா சொல்றே?"

"பாத்ரூம்லேர்ந்து தூக்கிட்டு வரும்போது என் முதுகு பிடிச்சிக்கிச்சு. நழுவிட்டாரு. தலையில அடி படல. ஆனா அன்னிக்கு ராத்திரி பூரா நான் தூங்கல. மறுபடியும் போட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். அதான் இல்லத்துல சேத்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"எப்பச் சொல்றது? நீ கேக்கல. அப்புறம் அந்த வார்த்தை சொல்லிட்டே."

ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள், கொட்டாவிதான் வந்தது. முந்தின நாள் விடிந்ததிலிருந்து தூங்கவில்லை. "அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். "என்கிட்ட கேட்டுட்டுச் சேத்திருக்கணும் நீ. அந்தக் கோபம் இன்னும் இருக்கு."

"இருக்கட்டும்" என்றான் அவன்.

"கொஞ்சம் தள்ளிப் படு."

அவன் சுவர்ப் பக்கம் ஒதுங்கினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் ஒருக்களித்துச் சாய்ந்தாள். வீங்கிய கால்களை அவன் தன் போர்வையால் மூடியது தெரிந்தது. அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை. பதினோரு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த நர்ஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இதுல யாரு பேஷன்ட்?" என்று கேட்டாராம். தம்பி வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதீங்க என்று சைகை காட்டினானாம்.